கல்முனைக்கு வந்த அஸீஸ் துரை



கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்கோ சொறிக்கல்முனைக்கோ போகிறவர்கள் வயல்வெளியைத் தாண்டியே போகவேண்டும். விதைப்புக் காலத்தில் சேறும், குடலைப் பருவத்தில் பச்சையும், வெட்டுக் காலத்தில் வைக்கோலுமாகக் கிடக்கும் அந்த வட்டைகளை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். அம்பாறை என்று தனி மாவட்டம் 1961ஆம் ஆண்டிலேதான் ஏற்பட்டது. அதற்குமுன் இந்தக் கரை முழுவதும் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாகவே எண்ணப்பட்டது. இப்பகுதியில் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றி இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் நமது திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். இந்த ஊரிலே பிறந்தவரும் அல்லர். ஆயினும் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பாடுபடும் எந்தக் கத்தோலிக்கக் குடும்பமும் அறிந்திருக்கவேண்டிய வாழ்க்கை அவருடையது.

அவர் பெயர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலே பிறந்தார். குர்ஆன் பள்ளியில் ஓதிய பின், இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். முஸ்லிம் பையன் ஒருவன் சைவப் பாடசாலையிலே தேவாரத்தின் ஓசையைக் கேட்டு வளர்ந்ததனால் அவனுடைய மார்க்கப் பற்று குறையவில்லை. தமிழ்ப் பற்று ஏறியது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு பயின்று 1933இல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையில் தேறி 1935இல் அச்சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற பெயரும் பெற்றார். அந்நாளில் சிவில் சேவை என்றால் என்னவென்று இளைய வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். மாவட்டம் முழுவதற்கும் வரி, காணி, வழக்கு, வாய்க்கால் எல்லாம் அந்த ஒருசிலரின் கையில் இருந்தன. சனங்கள் அவர்களைத் துரை என்றே அழைத்தார்கள். வெள்ளைக்காரரே நிறைந்திருந்த அந்த நாற்காலிகளில் உள்நாட்டார் ஒருவர் அமர்வது குடும்பத்துக்கு மட்டுமல்ல, சமூகத்துக்கே பெருமையாயிருந்தது.

1942ஆம் ஆண்டுக்கு வருவோம். மார்ச் மாதம் இரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. இலங்கை தான் உண்ட அரிசியின் பெரும்பகுதியைப் பர்மா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே மாதத்தில் அந்த வழி அடைபட்டது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. நாட்டிலே நெல் எங்கே விளையுமோ அங்கேயெல்லாம் விளைவித்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. கிழக்கிலங்கையின் வயல்களே அரசாங்கத்தின் கண்ணில் முதலாவதாகப் பட்டன. கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் முப்பது வயது அஸீஸ்.

வந்தவர் மேசையோடு இருந்துவிடவில்லை. காடு வெட்டிக் களனியாக்க அரச காணிகள் கொடுக்கப்பட்டன. குத்தகைக்கு உழுதவர்களும், போடியாரின் வயலிற் கூலிக்கு நின்றவர்களும் தங்கள் பேரில் ஒரு துண்டு நிலத்தைக் காணும் வாய்ப்பைப் பெற்றார்கள். அதுவே பலருக்கு வாழ்நாளில் முதற் காணி. திருத்தப்பட்ட ஒரு வயற்பரப்புக்கு அஸீஸ் துரைக் கண்டம் என்று கமக்காரர்கள் பெயரிட்டதாகச் சொல்லுவார்கள். கல்லோயாத் திட்டம் 1949இலேதான் தொடங்கியது. அணையும் பெருங்குளமும் வருவதற்கு ஏழு ஆண்டு முன்னர், மழையையும் சிறு குளங்களையும் நம்பிச் செய்யப்பட்ட வேலை இது என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் வேறு உத்தியோகத்தராயிருந்தால் அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு மாற்றம் கேட்டிருப்பார். இத்தனை புசல் நெல், இத்தனை ஏக்கர் புதுநிலம் என்று காட்டப் போதுமான கணக்கு கையில் இருந்தது. அஸீஸ் பொருளியல் படித்தவர் அல்லர், வரலாறு படித்தவர். ஆயினும் இக்காலப் பொருளியலாளர் பெரிய நூல்களில் நிறுவும் ஓர் உண்மையை அவர் கல்முனையிலே கண்ணாற் கண்டார். நெல் விளையும் ஊர் வறிய ஊராக இருந்தது. விளைந்தது களத்திலேயே கடன்காரனிடம் போயிற்று. உறுதியை வாசிக்கத் தெரியாதவன் காணியையும் இழந்தான். கச்சேரிக்கு வந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவர் ஒருவர், கைநாட்டு வைத்தவர் இன்னொருவர். ஒரு விளைச்சலினால் ஒரு வருடப் பசி தீரும். அடுத்த தலைமுறையின் பசிக்கு அது விடையாகாது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, வந்த அதே 1942ஆம் ஆண்டிலே அவர் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து அமைத்தார்.

இக்கரை முஸ்லிம்கள் ஏன் கல்வியிற் பின்தங்கினார்கள் என்று கேட்டால், அவர்கள் சோம்பலை நாம் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. உண்மையில் ஒரு பகுதி நம்மையும் தொட்டுநிற்கிறது. அந்நாளில் ஆங்கிலக் கல்வி என்றால் பெரும்பாலும் மிஷன் பாடசாலை. கல்முனையில் மெதடிஸ்தர் நடத்தினார்கள். மட்டக்களப்பில் மெதடிஸ்தரும் நமது குருமாரும் நடத்தினார்கள். அப்பாடசாலைகள் செய்த நன்மையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையை அங்கே அனுப்பினால் மார்க்கத்தை விட்டுப் போய்விடுவான் என்ற அச்சம் முஸ்லிம் தாய் தந்தையர் மனத்தில் இருந்தது. அது வெறும் கற்பனை என்று சொல்லவும் முடியாது. மதம் மாற்றுவதையும் நோக்கமாகக் கொண்டே மிஷனரிகள் பல இடங்களிற் பள்ளி திறந்தார்கள். பிள்ளையின் ஆன்மாவா, பிள்ளையின் படிப்பா என்ற இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னால், கத்தோலிக்கத் தாய் ஒருத்தி எதைத் தெரிந்தெடுப்பாள்? அதையேதான் அவர்களும் தெரிந்தெடுத்தார்கள். அதற்காக அவர்கள் கொடுத்த விலை மூன்று தலைமுறைப் படிப்பு.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. நமது கிழக்கு மாகாணத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தமிழரோ முஸ்லிமோ, மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம் செய்துவைக்கிறோம். மருமகன் வந்து பெண் வீட்டில் இருப்பான். குடியும் தாய்வழியே வருகிறது. வெளியூரார் இதைக் கண்டு, இங்கே பெண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று வியப்பார்கள். மதிப்பு உண்மைதான். ஆனால் தகப்பன் உழைத்த பணம் முழுவதும் செங்கல்லிலும் கூரையிலும் போனபின் புத்தகத்துக்கு எங்கே மிஞ்சும்? இரண்டு மூன்று மகள்மார் இருந்தால் மகனுடைய படிப்பும் வீட்டுச் சுவருக்குள்ளே போய்விடும். பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் பள்ளியால் நிறுத்தப்படுவதும் வழக்கமாயிருந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாடு முழுவதிலும் ஆண்களில் 70 வீதத்தினர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். பெண்களில் 44 வீதத்தினர் மாத்திரமே. நாட்டின் சராசரியே அதுவென்றால், தூரத்துக் கிராமத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனாலும் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். பள்ளிக்கூடம் போகாத முஸ்லிம் தாய்மார் பலர் வாசிக்கத் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள். அறபு எழுத்திலே தமிழை எழுதும் அறபுத்தமிழ் என்ற முறை அவர்கள் வீடுகளில் வழங்கியது. குர்ஆன் ஓதப் படித்த சிறுமி அதே எழுத்தைக் கொண்டு தமிழில் உள்ள மார்க்க நூல்களையும் மாலைகளையும் வாசித்தாள். அஸீஸ் பிற்காலத்தில் இந்த அறபுத்தமிழைப் பற்றி ஆர்வத்தோடு ஆராய்ந்து எழுதினார். அதில் அவர் கண்டது பழம்பொருளை மட்டும் அல்ல. படிப்பை விரும்பாத சமூகம் என்று பிறர் சொன்ன ஒரு சமூகத்தின் அடுப்பங்கரை வரை வாசிப்பு போயிருந்ததற்கு அது சாட்சியாயிருந்தது.

கல்முனையில் இருந்த காலத்தில் அவருக்கு வாய்த்த நட்புகளில் ஒன்று காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தருடையது. சுவாமிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், நமது மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர், யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். துறவியான பின் மாகாணமெங்கும் பாடசாலைகளை எழுப்பியவர். பெண்பிள்ளைகளுக்கென்று காரைதீவிலே சாரதா வித்தியாலயம் எழுந்ததும் அந்தப் பணியின் பயனே. தன் மதத்தில் உறுதியாய் நின்றுகொண்டே எல்லோருடைய பிள்ளைகளுக்கும் கல்வி தேடலாம் என்பதை அஸீஸ் அவரிடம் நேரிலே கண்டார். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே பள்ளி நடத்தினால் மார்க்க அச்சமும் தீரும், படிப்பும் வளரும் என்ற எண்ணம் அவரிடத்தில் உறுதிப்பட்டது. காவி உடுத்த ஒரு துறவியும், முஸ்லிம் அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரும் தமிழையும் பள்ளிக்கூடத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே காரைதீவின் எல்லையிலேதான் 1985இல் தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டார்கள். 1990இல் இந்தக் கரை முழுவதும் நடந்தவற்றை உங்களிற் பல குடும்பங்கள் நேரிலே அறியும். அவற்றை இங்கே விரிக்கவில்லை. ஆனால் அந்த நட்பைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

கல்முனையை விட்டுப் போன பின்னரும் அங்கே கண்டதை அஸீஸ் விடவில்லை. கல்முனையிற் செய்ததை நாடளாவியதாக்கி, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். அதே ஆண்டிலேதான் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலவசக் கல்வி வந்தபின் உதவி நிதி எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டோ என்னவோ. ஏழைத் தகப்பன் கேட்கமாட்டான். வகுப்புக் கட்டணம் போயிற்று. விடுதிச் செலவு போகவில்லை. உடுப்பு, புத்தகம், மட்டக்களப்பு வரை பஸ், அங்கிருந்து கொழும்புக்கு இரவு ரயில் என்று எல்லாம் அப்படியே இருந்தன. எல்லாவற்றிலும் பெரிய செலவு வேறொன்று. வயலுக்குப் போயிருந்தால் பையன் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலி வீட்டுக்கு வராது. பள்ளிக்கூடம் இலவசமானாலும் பிள்ளையின் நேரம் ஏழைக்கு இலவசம் அல்ல. கெட்டித்தனம் இருந்தும் பணம் இல்லாமையால் நின்றுபோகும் மாணவரைத் தேடிப் பிடித்துப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோவதே அந்த நிதியின் வேலை. பணம் படைத்த சிலரின் தருமமாக மட்டும் அதை விடாமல், சமூகம் தன் கையாற் சேர்க்கும் நிதியாக அவர் அமைத்தார். அவர் இறந்த பின்னும் அது தொடர்ந்தது.

1948இல் அவர் செய்த காரியம் அந்நாளில் பலரைத் திகைக்கவைத்தது. சுதந்திரம் கிடைத்த வருடம் அது. வெள்ளைக்காரர் விட்டுப் போகும் பெரிய பதவிகள் உள்நாட்டுச் சிவில் உத்தியோகத்தருக்காகக் காத்திருந்தன. அந்த வேளையிலே அஸீஸ் சேவையை இராஜினாமாச் செய்துவிட்டுக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். ரி. பி. ஜாயா 1921 முதல் வளர்த்த கல்லூரி அது. ஜாயா அரசியலுக்குப் போன வெற்றிடத்துக்கு அஸீஸ் வந்தார். அதிகாரத்தை விட்டுக் கரும்பலகைக்கு வருவது நம் நாட்டில் அபூர்வம். மறுபக்கம் போகிறவர்களைத்தான் நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.

பதின்மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். ஸாஹிறாவின் பொற்காலம் என்று அக்கல்லூரியார் அக்காலத்தைச் சொல்வது வழக்கம். முஸ்லிம் கல்லூரி என்ற பெயர் இருந்தாலும் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. பின்னாளில் உலகறிந்த தமிழ்ப் பேராசிரியரான கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்தவர்; அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். கிழக்கிலிருந்து போன பிள்ளைகள் கொழும்பு விடுதியில் நாட்டின் மற்றப் பகுதி மாணவரோடு கலந்து வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை உருவாவதற்கும் அவரே முன்னின்றார். 1952 முதல் 1963 வரை மூதவையில் அங்கத்தவராயிருந்தார். அங்கே அவர் செய்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1956இல் ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஏற்றபோது அவர் அக்கட்சியை விட்டு விலகினார். முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ், அதை விட்டால் பிள்ளைக்குக் கல்வியே அந்நியமாகிவிடும் என்பது அவர் கொண்ட நிலை. அரசியலில் அது ஆதாயம் தரும் நிலை அல்ல.

1960, 61ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. நமது பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளே குடியிருந்து மறியல் செய்த நாட்கள் மூத்த வாசகருக்கு நினைவிருக்கும். அந்த 1961இல் அஸீஸும் ஸாஹிறாவை விட்டுச் சென்றார்.

இனி, பெண்கல்வியைப் பற்றி அவர் கணக்கில் எஞ்சி நிற்பதையும் சொல்லவேண்டும். ஒருவரைப் புகழ்வதற்காக இல்லாததைச் சேர்ப்பது நமது வழக்கம் அல்ல. அவர் அதிபராயிருந்தது ஆண்பிள்ளைகளின் கல்லூரி. அவருடைய உழைப்பின் பெரும்பகுதி ஆண்மக்களை உத்தியோகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உயர்த்துவதிலே சென்றது. முஸ்லிம் பெண்களுக்கென்று 1946இல் கொழும்பில் மகளிர் கல்லூரி எழுந்தது சேர் ராசிக் பரீதின் முயற்சியால். அதற்கு அரை நூற்றாண்டு முன்னமே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், கண்டியிலே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தவர் மு. கா. சித்திலெவ்வை. இந்தச் சித்திலெவ்வையை மறதியிலிருந்து மீட்டு, இலங்கை முஸ்லிம் கல்வியின் தந்தையாக நிலைநிறுத்தியவர்களில் அஸீஸ் முக்கியமானவர். 1969இல் அரசாங்கம் வெளியிட்ட இலங்கைக் கல்வி நூற்றாண்டு மலருக்கு முஸ்லிம் கல்வி மரபு பற்றிய பகுதியை எழுதியவரும் அவரே. அவர் நேரே செய்தது சமூகத்தைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பியது. திருப்பிய பாதையில் பெண்பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். வந்து முந்தியும் விட்டார்கள்.

சந்தேகமானால் சம்மாந்துறைக்குப் போய்ப் பாருங்கள். ஒலுவிலில் 1995இல் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அவ்வூரில்தான் இருக்கிறது. அப்பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்த எம். எச். எம். அஷ்ரப் சம்மாந்துறையிலே, அஸீஸ் உத்தியோகத்தை உதறிய அதே 1948இல் பிறந்தவர். கச்சேரிக்குக் கைநாட்டு வைக்க வந்தவர்களின் பேத்திமார் இன்று அப்பீடத்திலே பெளதிகமும் இரசாயனமும் படிக்கிறார்கள். மகளுக்கு வீடு கட்டும் வழக்கம் மட்டும் போகவில்லை. பட்டதாரி மகளுக்கும் வீடு கட்டித்தான் ஆகவேண்டியிருக்கிறது. அதற்காக வெளிநாட்டில் உழைக்கும் தகப்பன்மாரும், சிலவேளை தாய்மாரும் உண்டு. இது முஸ்லிம் வீட்டுச் செய்தி மாத்திரம் அல்ல என்பதை வாசிக்கும் நீங்கள் அறிவீர்கள்.

அஸீஸ் எழுத்தாளராகவும் இருந்தார். இலங்கையில் இஸ்லாம் என்ற அவருடைய நூல் 1963இல் வெளியாகிச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. எகிப்துப் பயணத்தை மிஸ்றின் வசியம் என்றும், தமிழ்நாட்டுத் தொடர்புகளைத் தமிழ் யாத்திரை என்றும் எழுதினார். எளிய, தெளிந்த நடை. கச்சேரிக் கோப்புகளோடு இத்தனை ஆண்டு கிடந்தவருக்கு அந்த நடை எப்படி மிஞ்சியது என்பது வியப்பே. 1963 முதல் சில ஆண்டுகள் அரசாங்க சேவை ஆணைக்குழுவிலும் இருந்தார்.

1973ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி, 62ஆவது வயதில் காலமானார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவின் பின்னரான இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கியது. வண்ணார்பண்ணையில் அவர் படிக்கத் தொடங்கிய பள்ளியிலிருந்து அப்பல்கலைக்கழகம் நடந்துபோகும் தூரத்திலேயே இருக்கிறது.